பொன்னாடை இருக்கட்டும், கூலி எங்கே?

2025-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, அதாவது உலகத் தொழிலாளர் தினத்தன்று, மும்பையில் மத்திய சர்க்கார் நான்கு நாள் மாநாடு ஒன்றைத் தொடங்கியது. சினிமா முதலாளிகள், டெலிவிஷன் முதலாளிகள், வெளிநாட்டுக் கம்பெனிகளின் தலைவர்கள், நட்சத்திரங்கள் எல்லோரும் வந்து குவிந்தனர். இந்தியாவில் ‘ஆரஞ்சுப் பொருளாதாரம்’ உதயமாகிறது என்று பிரதமர் மோடி அங்கே முழங்கினார். ஆட்டம், பாட்டு, சினிமா, கார்ட்டூன், கம்ப்யூட்டர் விளையாட்டு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் வருமானத்துக்கு இப்படி ஒரு பழத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். படைப்புப் பொருளாதாரம் என்றும் சொல்வதுண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இந்தத் துறைக்கென்று 100 கோடி டாலர் நிதி ஏற்படுத்தப் போவதாக மத்திய மந்திரி அறிவித்திருந்தார்.

பழம் யாருக்கு, தோல் யாருக்கு என்பதே நம்முடைய கேள்வி.

கலைஞர் என்றதும் அந்த மாநாட்டில் வீற்றிருந்தவர்களின் முகம்தான் சர்க்காருக்குத் தெரிகிறது. நமக்குத் தெரிந்த கலைஞர்கள் வேறு. மாசி மாதம் கோயில் கொடையில் கரகம் எடுத்து ஆடுகிறவள், ஆவணியில் நாற்று நடுகிறாள். விடிய விடியக் கூத்துக் கட்டி ஆடியவர், மறுநாள் அரிதாரம் கழுவியதும் கரும்பு வெட்டப் போகிறார். தப்படிக்கிற கையும் களையெடுக்கிற கையும் ஒரே கைதான். நம் நாட்டில் கலைஞர்களில் பலர் விவசாயத் தொழிலாளிகளே. ஆனால் வயலில் செய்வதை வேலை என்று ஒப்புக்கொள்கிற சமுதாயம், பந்தலில் செய்வதை வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அதற்குக் கூலி விகிதம் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, வேலையில்லாத காலத்துக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. 2020-ம் ஆண்டு மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது பங்குனித் திருவிழாக் காலம். அந்த வருஷத்துச் சீசன் முழுவதும் ஒரே அறிவிப்பில் போயிற்று. மில்லை மூடினால் கதவடைப்பு நஷ்ட ஈடு கேட்கலாம். திருவிழாவை மூடினால் யாரிடம் கேட்பது?

சர்க்கார் கலைஞனுக்கு மாதச் சம்பளம் கொடுக்குமா, அது நடக்கிற காரியமா என்று சில தோழர்களே கேட்கிறார்கள். நடந்திருக்கிறது. அதுவும் முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவில், 1935 முதல் 1939 வரை, நான்கு வருஷ காலம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதில் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

நிவாரணப் பட்டியலில் நடிகர்கள்

1929-ல் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வேலையில்லாதவர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. நாடகக் கொட்டகைகள் இருண்டன. இதற்குச் சற்று முன்பே பேசும் படம் வந்திருந்தது. ஊமைப் படங்களுக்குத் திரையின் கீழே உட்கார்ந்து வாத்தியம் வாசித்துப் பிழைத்த பல்லாயிரம் பேரை அந்தப் புது யந்திரம் தெருவுக்கு அனுப்பியது. நவீன யந்திரத்தைக் காட்டி ஆட்குறைப்புச் செய்வது என்னவென்று மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வேலையில்லாதோர் ஊர்வலமாகத் திரண்டு வந்தனர். வேலை கொடு அல்லது சோறு கொடு என்ற கோஷம் நகரந்தோறும் கேட்டது. இந்த நெருக்கடியில்தான் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935-ல் பொதுவேலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ரோடு, பாலம், பள்ளிக்கூடம் கட்டுவதில் லட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அதன் ஒரு பகுதியாக ஓவியர், இசைவாணர், எழுத்தாளர், நாடகக்காரர் ஆகியோருக்கும் வேலை கொடுத்தார்கள். கலைஞனுக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்டவர்களுக்கு, மற்றவர்களைப் போல அவனும் சாப்பிட வேண்டுமல்லவா என்ற கருத்தில் பதில் சொன்னார் திட்டத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ். ரூஸ்வெல்ட்டுக்கு நாம் மாலை போட வரவில்லை. தீப்பிடித்த வீட்டைக் காப்பாற்ற வீட்டுக்காரன் தண்ணீர் ஊற்றுவது இயல்புதான். ஆனால் அந்தத் தண்ணீரில் சிலர் தாகம் தீர்த்துக்கொண்டதும் உண்மை.

நாடகப் பிரிவுக்கு ‘பெடரல் தியேட்டர்’ என்று பெயர். ஹாலி பிளானகன் என்ற கல்லூரிப் பேராசிரியை அதன் டைரக்டர். உச்ச கட்டத்தில் 12,000-க்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். நடிகர் மட்டுமல்ல, தச்சர், தையல்காரர், விளக்குப் போடுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோரும் அதில் சேர்த்தி. பத்தில் ஒன்பது பேர் நிவாரணப் பட்டியலில் இருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது ஆரம்ப விதி. நியூயார்க்கில் வாரச் சம்பளம் 23 டாலர் 86 சென்ட். பெரிய நடிகனென்று கூடுதல் இல்லை. வயிறு புடைக்கிற சம்பளம் அல்ல, வயிறு காயாத சம்பளம். அது வாரந்தோறும் வந்தது, அதுதான் முக்கியம். விருது வருஷத்துக்கு ஒரு முறை வரும். பசி தினம் வருகிறது.

அந்தச் சம்பளத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள்? நாடகத்தைப் பணக்காரர் தெருவிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பூங்காக்களில், ஆஸ்பத்திரிகளில், பள்ளிக்கூடங்களில், லாரியின் மேல் மேடை போட்டு ஆடினார்கள். பெரும்பாலான காட்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. இருந்தாலும் சில்லறைக் காசுதான். பிறந்ததிலிருந்து நாடகமே பார்த்திராத ஜனங்கள் கோடிக்கணக்கில் பார்த்தனர். நீக்ரோ மக்களுக்கென்று தனிக் குழுக்கள் இருந்தன. தனியாக வைத்ததில் நிறவெறியின் வாடை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1936-ல் ஹார்லெம் வட்டாரத்தில் அவர்கள் நடித்த ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைக் காண நகரமே திரண்டது.

‘உயிருள்ள பத்திரிகை’ என்று ஒரு வகை நாடகத்தையும் அவர்கள் நடத்தினர். வேலையிழந்த பத்திரிகைக்காரர்கள் செய்தி திரட்டுவார்கள்; வேலையிழந்த நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். விளைச்சல் மிகுந்து விலை சரிந்ததால், நட்ட பயிரை உழுது மடக்கச் சொல்லிச் சர்க்காரே பணம் கொடுத்த சட்டம் ஒன்று அப்போது இருந்தது. பட்டணத்தில் ரொட்டிக்கு வரிசை. கிராமத்தில் பயிர் மண்ணுக்குள். இதை வைத்து 1936-ல் ஒரு நாடகம். மின்சாரம் யார் சொத்து என்று 1937-ல் ஒன்று. சேரி வீடுகளைப் பற்றி 1938-ல் ஒன்று. அதில் மேடையின் மேலேயே நாலு மாடி லைன் வீட்டைக் கட்டி, அது தீப்பற்றுவதைக் காட்டினார்கள். வாடகை ஏன் ஏறுகிறது, அந்த நிலம் யார் கைக்கு எப்படிப் போயிற்று என்பதைச் சேரியில் குடியிருப்பவனே உட்கார்ந்து பார்த்தான்.

பூட்டிய கொட்டகை

சர்க்கார் சம்பளம் வாங்கினால் சர்க்கார் வாயை மூடாதா என்று கேட்கலாம். மூடப் பார்க்கத்தான் செய்தது. இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்ததைப் பற்றிய முதல் ‘உயிருள்ள பத்திரிகை’யையே 1936-ல் தடுத்துவிட்டார்கள். நியூயார்க் கிளையின் தலைவர் எல்மர் ரைஸ் அதைக் கண்டித்து ராஜினாமாச் செய்தார்.

1937-ல் நடந்தது இன்னும் பெரிது. மார்க் பிளிட்ஸ்டைன் என்பவர் ஸ்டீல் தொழிலாளர் சங்கம் அமைப்பதைப் பற்றி இசை நாடகம் ஒன்றை எழுதினார். பெயர் ‘தொட்டில் ஆடும்’. அப்போது வெளியே நிஜமான ஸ்டீல் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது. மே 30-ல் சிகாகோவில் தொழிலாளர் கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் உயிரிழந்தனர். பதினேழு நாள் கழித்து, ஜூன் 16-ல் இந்த நாடகம் அரங்கேற வேண்டும். செலவுக் குறைப்பு, ஆகவே புது நாடகம் எதுவும் ஜூலைக்கு முன் தொடங்கக் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. கொட்டகையைப் பூட்டிக் காவல் வைத்தார்கள். உடைகளும் சாமான்களும் உள்ளே. ஜனங்கள் வெளியே, டிக்கெட்டுடன்.

டைரக்டர் ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 22. அவரும் தோழர்களும் கடைசி நேரத்தில் வேறொரு காலிக் கொட்டகையைப் பிடித்தனர். நடிகர்களும் ஜனங்களும் சுமார் இருபது தெரு தூரம் நடந்தே அங்கு போனார்கள். போகிற வழியில் கூட்டம் பெருகிற்று. ஆனால் இன்னொரு தடை இருந்தது. அனுமதியில்லாமல் வேறு நிர்வாகத்தின் மேடையில் நடிகர்கள் ஏறக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே சொல்லிவிட்டது. வாத்தியக்காரர்களுக்கும் அதே கதி. எனவே பிளிட்ஸ்டைன் மாத்திரம் தன்னந்தனியாக மேடையில் பியானோ முன் உட்கார்ந்து, தாமே எல்லாப் பாட்டும் பாடுவதென்று தொடங்கினார். முதல் பாட்டின் முதல் வரியிலேயே, கொட்டகையின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கூடச் சேர்ந்தது. நிவாரணச் சம்பளத்தையே நம்பியிருந்த ஓர் இளம் நடிகை, ஜனங்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்று தன் பாட்டைத் தானே பாடினாள். மேடை ஏறக் கூடாது என்றுதானே விதி? உட்கார்ந்த இடத்தில் எழுந்து பாடக் கூடாது என்று விதியில்லையே! பிறகு ஒவ்வொருவராக எழுந்தனர். நாடகம் முழுவதும் ஜனங்களின் நடுவிலிருந்தே நடந்தேறியது.

அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. மறுநாள் அவளுக்கு வேலை போகலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முந்தின நாள் வரை அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அதனால்தான் அது ஸ்டிரைக். வேலை என்று ஒன்று இல்லாதவன் எதை நிறுத்திப் போராடுவது?

சம்பளக்காரர்களான பிறகு அமெரிக்கக் கலைஞர்கள் தொழிலாளிகளைப் போலவே நடந்துகொண்டனர். ஆட்குறைப்பு வந்தபோது ஆபீஸுக்குள் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1936 டிசம்பரில் நியூயார்க்கில் அப்படி உட்கார்ந்த ஓவியர்களில் 200-க்கு மேற்பட்டோரைப் போலீஸ் அடித்துக் கைது செய்தது. அதுவரை தன்னந்தனியே ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பணமூட்டைகள் சும்மா இருக்குமா? 1938-ல் மார்ட்டின் டைஸ் என்பவர் தலைமையில் பார்லிமென்டு விசாரணைக் கமிட்டி ஒன்று கிளம்பிற்று. நாடகத் திட்டம் கம்யூனிஸ்ட்டுகளின் கூடாரம் என்று குற்றச்சாட்டு. ஹாலி பிளானகன் தாம் எழுதிய கட்டுரையில் மார்லோவின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். யார் அந்த மார்லோ, அவரும் கம்யூனிஸ்ட்டா என்று ஒரு மெம்பர் கேட்டார். ஷேக்ஸ்பியருக்கு முந்திய பெரிய நாடகாசிரியர் என்று அந்த அம்மையார் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மார்லோ இறந்தது 1593-ல்! சபையில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் காரியம் நடந்துவிட்டது. 1939 ஜூன் 30-ம் தேதியோடு நாடகத் திட்டத்துக்கு ஒரு காசு செலவழிக்கக் கூடாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் (நம்மூர்க் கட்சி அல்ல, அந்நாட்டுப் பார்லிமென்டு) சட்டம் செய்தது. நிவாரணச் செலவு மசோதாவிலேயே இதைச் சேர்த்துவிட்டதால் ரூஸ்வெல்ட்டும் கையெழுத்திட்டார். செலவு தாங்கவில்லை என்றார்கள். பொதுவேலைத் திட்டத்தின் மொத்தச் செலவில் நாடகத்துக்குப் போனது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. மற்றக் கலைத் திட்டங்கள் சிறிது காலம் தட்டுத் தடுமாறி 1943-ல் முடிந்தன. சர்க்கார் சம்பளத்தில் வரைந்த ஓவியங்கள் பலவற்றைக் கழிவுத் துணி என்று எடை போட்டு விற்றார்கள்.

கொடுத்ததும் வென்றதும்

அமெரிக்காவில் அது சட்ட உரிமையாக வேரூன்றவில்லை; வருஷா வருஷம் நிதி ஒதுக்கீட்டில் தொங்கிற்று. ஒரு வோட்டில் போயிற்று. பிரான்ஸில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

1936-ல் பிரான்ஸ் முழுவதும் மாபெரும் ஸ்டிரைக் நடந்த அதே வருஷம், சினிமாத் தொழில் நிபுணர்களுக்கு ஒரு தனி ஏற்பாடு தொடங்கியது. ஒரு படம் முடிந்து இன்னொரு படம் வரும்வரை சும்மா இருக்கும் காலத்தையும் கணக்கில் எடுக்கிற ஏற்பாடு அது. 1960-களில் நாடகம், இசை, நடனக் கலைஞர்களுக்கும் விரிந்தது. இன்றைக்கு விதி இதுதான்: 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு வேலையில்லாதோர் இன்ஷுரன்ஸிலிருந்து உதவிப் பணம் கிடைக்கும். இதற்கு முதலாளியும் தொழிலாளியும் பணம் கட்டுகிறார்கள். ஏழை என்று சான்று வாங்க வேண்டாம். எவருடைய காலிலும் விழ வேண்டாம்.

2003-ல் இதை வெட்டப் பார்த்தார்கள். 12 மாத கால வரம்பைப் பத்து, பத்தரை மாதமாகக் குறைத்தார்கள். கலைஞர்களும் மேடைத் தொழிலாளர்களும் ஸ்டிரைக்கில் இறங்கினர். 1947-லிருந்து நடந்து வந்த ஆவின்யோன் நாடக விழாவே அந்த வருஷம் நடக்கவில்லை. விழா நின்றதும் ஓட்டல்காரரும் கடைக்காரரும் அலறினார்கள். அப்போதுதான் கலைஞனின் உழைப்பு எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. உடனே வெற்றி கிட்டவில்லை. 2014-ல் மறுபடி போராட்டம். 2016-ல்தான் 12 மாதக் கணக்கு திரும்பியது. பதின்மூன்று வருஷப் போராட்டம்!

அயர்லாந்திலும் 2022-ல் ஒரு திட்டம் வந்தது. 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ. நல்ல காரியம்தான். ஆனால் தகுதியுள்ள மனுதாரர்கள் 8,000-க்கும் மேல். ஆகவே குலுக்கல் போட்டு எடுத்தார்கள்! சீட்டு விழாதவன் பசித்திருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்?

நம் பந்தலில்

இனி நம் ஊருக்கு வருவோம். தடை போடுவதில் நம் சர்க்கார்கள் என்றுமே தாமதித்ததில்லை. வெள்ளையன் 1876-ல் நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தான். சுதந்திரம் வந்து ஏழு வருஷத்துக்குள், 1954-ல், சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. அதன் முக்கியப் பிரிவுகளை 2013-ல்தான் சென்னை ஹைகோர்ட் செல்லாதென்று தீர்ப்பளித்தது. வாயைக் கட்டுவதற்கு அறுபது வருஷம் சட்டம் இருந்தது. வயிற்றுக்கு?

மத்திய சர்க்காரின் முதிய கலைஞர் உதவித் திட்டம் உண்டு. 60 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏழை என்று வருமானச் சான்று வேண்டும், மாதம் 6,000 ரூபாய்க்கு மிகாமல் கிடைக்கும். காலில் சலங்கை கட்டி ஆடுகிறவருடைய முட்டி 60 வயது வரை காத்திருக்குமா? தமிழ்நாட்டில் 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அமைந்தது. வரவேற்கத்தக்கதே. பிள்ளை படிப்புக்கு உதவி, கல்யாணத்துக்கு உதவி, மூக்குக் கண்ணாடிக்கு உதவி, செத்தால் ஈமச் சடங்குக்கு உதவி உண்டு. உயிரோடு, வேலையில்லாமல், ஆடி முடிந்து தை பிறக்கும் வரை உட்கார்ந்திருப்பவனுக்கு மாதாமாதம் ஒன்றும் கிடையாது.

நாட்டில் இத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது கூத்தாடிக்குச் சம்பளமா என்று நம்மவரில் சிலரே முணுமுணுக்கக் கூடும். அந்தப் பட்டினிக்காரனும் கூத்தாடியும் ஒரே ஆள் என்பதை முன்பே சொன்னோம். இன்னொன்றும் உண்டு. பறையடிப்பதை வேலை என்று ஒப்புக்கொள்ளாமல் ஊழியம் என்று வைத்திருந்தது யார்? சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு வந்து அடிக்க வேண்டும், கொடுத்த தானியத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும், மறுத்தால் ஊர்விலக்கு. எத்தனையோ சேரிகளில் இளைஞர்கள் இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதே பறையை இன்று மேடையில் தாமே விரும்பி எடுத்து அடிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன? மறுக்கும் உரிமையும், பேசி வாங்கும் கூலியும்தான். சாதி ஊழியத்துக்கு எதிராக நிற்கிற எவரும் கலைக் கூலி என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நடவுக்கு இவ்வளவு, அறுப்புக்கு இவ்வளவு என்பதைப் போல, இரவு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஜில்லாவாரியாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சர்க்காரைக் கேட்க வேண்டும். சர்க்கார் விழாக்களில் குழுவுக்கு ஒரு தொகையென்று இடைத்தரகர் கையில் கொடுப்பதை நிறுத்தி, ஆடியவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பஸ் சார்ஜும் சாப்பாடும் அதில் கழிக்கக் கூடாது. ஒரு வருஷத்தில் இத்தனை இரவு ஆடினார் என்று வாரியத்தின் புத்தகத்தில் பதிந்து, அந்தக் கணக்கின்படி சீசன் இல்லாத மாதங்களுக்கு உதவிப் பணம் தர வேண்டும். பணம் ஏது என்பார்கள். 100 கோடி டாலர் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து வரட்டும். வயது வரம்பை ஆடுகிறவருக்கு 50 ஆக்க வேண்டும். வாரியத்தில் கலைஞர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உட்கார வேண்டும். நிர்ணயித்த கூலி கோயில் கமிட்டிக்கு மாத்திரம் அல்ல, ஊர்வலத்துக்குப் பறை அழைக்கும் தொழிற்சங்கத்துக்கும் பொருந்தும்.

மாசிக் கொடைக்கு அச்சாரம் வாங்கும் காலம் தை மாதம். கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்குவதென்றால் அதற்கு முன்பே குழுக்களைச் சந்தித்தாக வேண்டும். அச்சாரம் கைமாறிய பிறகு எவரும் கூலி பேச முடியாது.